7 நாள்ல பதில் சொல்லணுமாம்: பீட் பணமும் எங்க சின்ன வயர்லெஸ் கம்பெனியும்

சைலோமேல்சிவன்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இப்ப கழுத்துல கத்தி வச்ச மாதிரி ஆயிடுச்சு, அதான் எழுதறேன். அமெரிக்கால மிட்வெஸ்ட் பக்கம் ஒரு சின்ன வயர்லெஸ் இன்டர்நெட் கம்பெனில நெட்வொர்க் பாக்குறேன், முதலாளியையும் சேர்த்து மொத்தமே 6 பேரு. சுத்திலும் சோளம், சோயா. எங்களுக்கு சொந்த டவர்னு 4 இருக்கு, மத்த ரேடியோ எல்லாம் விவசாயிங்க சைலோ (தானியம் சேத்து வைக்கற உயரமான கோபுரம்) மேல, அவங்களுக்கு இன்டர்நெட் இலவசம், எங்களுக்கு உயரம் இலவசம், அவ்ளோதான் ஒப்பந்தம். பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ் அன்லைசென்ஸ்டு அலைவரிசை, 2 டவர்ல மட்டும் சிபிஆர்எஸ்ங்கற இன்னொரு அலைவரிசை. அரசாங்கக் காசு இதுவரைக்கும் ஒரு டாலர் வாங்கினது இல்ல.

விஷயம் பீட். 2021 சட்டத்துல வந்த 42.45 பில்லியன் டாலர் பிராட்பேண்ட் பணம். 2022ல போட்ட விதிப்படி அன்லைசென்ஸ்டு மட்டும் வச்சு ஓட்டறவன் கணக்குலயே வரமாட்டான், அதாவது நாங்க தினமும் இன்டர்நெட் குடுக்கற வீட்டை எல்லாம் "இன்டர்நெட் இல்லாத வீடு"ன்னு மேப்ல போட்டு வச்சிருந்தாங்க. 2025 ஜூன் 6 அன்னிக்கு என்டிஐஏ (பீட் பணத்தைப் பாத்துக்கற மத்திய அரசு அமைப்பு) புது நோட்டீஸ் விட்டு அதைத் தலைகீழாக்கிட்டாங்க. அன்லைசென்ஸ்டும் பணம் கேக்கலாம். அதை விடப் பெருசு என்னன்னா, "இந்த வீடுங்களுக்கு நாங்க ஏற்கனவே 100க்கு 20 (டவுன்லோடு 100 எம்பிபிஎஸ், அப்லோடு 20) குடுக்கறோம்"னு ஆதாரம் காட்டினா அந்த வீடுங்களை பீட் லிஸ்ட்ல இருந்தே தூக்கிடுவாங்க. தூக்கிட்டா அங்க வேற எவனும் மானியம் வாங்கி ஃபைபர் போட முடியாது. ஆதாரம் காட்டப் போறோம்னு சொல்ல மாநில ஆபீஸ் நோட்டீஸ் போட்டதுல இருந்து 7 நாள்தான். 2 நாள் ஏற்கனவே போச்சு.

எங்க ஏரியால லிஸ்ட்ல 212 வீடு இருக்கு. முதலாளி "எல்லாத்தையும் க்ளெய்ம் பண்ணு, யோசிக்காத"ங்கறார். என்ன பண்றது? க்ளெய்ம் பண்ணவா, நாங்களே பணத்துக்கு பிட் போடவா (இவ்ளோ மானியம் போதும்னு விண்ணப்பிச்சுப் போட்டி போடவா), இல்ல வாயை மூடிட்டு இருக்கவா?

கண்ணாடிநார்

நான் ஃபைபர் டிசைன் பாக்குறவன், அதனால ஒரு பக்கம் சாய்ஞ்சுதான் பேசுவேன், முதல்லயே சொல்லிடறேன். பாஸ், 212 வீட்டுக்காரங்க வாயில மண்ணு போடற வேலை இது. இவ்ளோ பெரிய பணம் கிராமத்துக்கு இன்னொரு தடவை எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. ஒரு தடவை கண்ணாடி இழையைப் புதைச்சா 30 வருஷம் கவலை இல்ல, ரெண்டு பக்கமும் பெட்டியை மாத்தினா வேகம் ஏறிட்டே போகும். உங்க ரேடியோ 6, 7 வருஷத்துல குப்பைக்குப் போகும். அதுக்கு அரசாங்கம் எதுக்குக் காசு குடுக்கணும், காசு குடுக்காட்டாலும் பரவால்ல, வர்ற காசை எதுக்குத் தடுக்கணும்?

ராத்திரிஷிஃப்ட்

வந்துட்டாரு கண்ணாடி அண்ணன். எல்லா த்ரெட்லயும் இதே பாட்டு 😄

அண்ணே நீங்க சொல்றது வீட்டுக்கு வீடு 200 அடி இருக்கற இடத்துக்கு சரி. இவர் ஏரியால ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் முக்கால் மைல் இருக்கும், அதுல ஒரே ஒரு தாத்தா 40 டாலர் பிளான்ல இருப்பாரு, அந்த ஒரு வீட்டுக்குப் பள்ளம் தோண்ட எத்தனை ஆயிரம் டாலர்னு டிசைன் போடற உங்களுக்கே தெரியும். வயர்லெஸ்காரன் அதே வீட்டுக்கு ஒரு டிஷ்ஷை கூரைல மாட்டி மத்தியானத்துக்குள்ள கனெக்ஷன் குடுத்துடுவான்.

அப்புறம் இன்னொண்ணு, யாரும் பேசாத விஷயம். இவங்க பேங்க்ல கடன் வாங்கி, எவனும் வராத ஊர்ல டவர் போட்டு, பனில ஏறி இறங்கி கஸ்டமர் பிடிச்சிருக்காங்க. இப்ப பக்கத்துல ஒருத்தன் மானியத்தோட வந்து அதே கஸ்டமரைத் தூக்கிட்டுப் போவான். கடனை யார் கட்டுவா? மானியம் வாங்காம இருந்ததுக்குத் தண்டனையா இது?

மூணாவதுபெஞ்ச்

ஒரு சின்ன டவுட், திட்டாதீங்க. அன்லைசென்ஸ்டுன்னா லைசென்ஸ் இல்லாமத் திருட்டுத்தனமா ஓட்டறதா? அதான் அரசாங்கம் காசு குடுக்க மாட்டேன்னுச்சா?

ராத்திரிஷிஃப்ட்

இல்ல தம்பி, சட்டப்படிதான். வீட்டு வைஃபைக்கு நீங்க லைசென்ஸ் வாங்கறீங்களா? அதே மாதிரி பொது அலைவரிசை, எஃப்சிசி (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம்) சொன்ன பவருக்குள்ள யார் வேணா ஓட்டலாம். 5.8ல ஒரு டவர்ல இருந்து பல வீட்டுக்கு அடிக்கறதுக்கு ஆன்டெனா கெயின் சேர்த்து 36 டிபிஎம், அதாவது 4 வாட் லிமிட். குறை என்னன்னா, நாளைக்கு பக்கத்து ஊர்ல இன்னொருத்தன் அதே சேனல்ல ஆன் பண்ணா போலீஸ்கிட்டப் போக முடியாது, ரெண்டு பேரும் உக்காந்து பேசித் தீர்த்துக்கணும். அதனாலதான் 2022ல "இதை நம்பகமான சர்வீஸ்னு ஒத்துக்க முடியாது"ன்னாங்க. சிபிஆர்எஸ் கொஞ்சம் வேற, 3.55ல இருந்து 3.7 வரைக்கும், கடற்படை ரேடாரும் அதே இடத்துல இருக்கறதால ஒரு சர்வர் யாருக்கு எந்தச் சேனல்னு சொல்லும், காசு குடுத்து ஏலம் எடுத்தவனுக்கு முன்னுரிமை, மிச்சத்துல மத்தவங்க.

ஆனா 2022ல இருந்த ரேடியோ வேற, இன்னிக்கு வர்ற ரேடியோ வேற. இப்ப வர்றது இன்டர்ஃபியரன்ஸை உடனுக்குடன் கணக்குப் போட்டுக் கழிச்சுடுது. 6 கிகாஹெர்ட்ஸ்ல வெளிப்புற ஸ்டாண்டர்ட் பவரும் 2024ல திறந்துட்டாங்க. விதி எழுதறவன் பழைய ரேடியோவை மனசுல வச்சுத்தான் எழுதறான்.

பழையமோடம்

தம்பிகளா, இந்த நாடகத்தை நான் 2009ல இருந்து பாக்குறேன். அப்ப ஸ்டிமுலஸ்னு பிராட்பேண்டுக்கு 7.2 பில்லியன் வந்துச்சு. அதுக்கப்புறம் 2018ல கனெக்ட் அமெரிக்கா ஏலம், 10 வருஷத்துக்கு 1.488 பில்லியன், அதுல வயர்லெஸ்காரங்க நிறைய ஜெயிச்சாங்க, ஓரளவு ஒழுங்காவும் நடந்துச்சு. அதைப் பாத்து வந்த தைரியத்துல 2020ல ஆர்டாஃப்னு எஃப்சிசியோட கிராமத்து இன்டர்நெட் மானிய ஏலம் நடந்துச்சு பாருங்க, அதுலதான் எல்லாப் பேரும் கெட்டுச்சு.

9.2 பில்லியன், 180 பேர் ஜெயிச்சதா டிசம்பர்ல அறிவிச்சாங்க. ஏலம் எப்படின்னா, யார் குறைஞ்ச மானியம் கேக்கறானோ அவனுக்கு, கூடவே அதிக வேகம் தர்றேன்னு சொன்னா கூடுதல் மதிப்பு. சும்மா சொல்றதுக்குக் காசா பணமா, எல்லாரும் "கிகாபிட், கிகாபிட்"னாங்க. எல்டிடி பிராட்பேண்ட்னு ஒரு சின்ன வயர்லெஸ் கம்பெனி 15 மாநிலத்துல 1.32 பில்லியனுக்கு ஜெயிச்சுச்சு, அந்த ஏலத்துலயே பெரிய தொகை அவங்களுக்குத்தான், ஃபைபர் போடறேன்னு. ஸ்டார்லிங்குக்கு 885.5 மில்லியன். 2022 ஆகஸ்ட்ல எஃப்சிசி ரெண்டு பேரையும் தள்ளுபடி பண்ணிட்டாங்க. நடுவுல போன ஒன்றரை வருஷம்?

நம்ம சிவன் கேக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு. அன்னிக்கு சொல்லிட்டுச் செய்யாம விட்டவங்களால, இன்னிக்கு ஒழுங்காச் செய்யறவன் கூட "நிரூபி, நிரூபி"ன்னு நிக்க வேண்டியிருக்கு.

மக்காச்சோளக்காடு

பழையமோடம் ஐயா, அந்த ஒன்றரை வருஷத்துல மாட்டினவன் நான். ஆபீஸ் ரிமோட்னு சொன்னதும் நகரத்தை விட்டுட்டு இங்க 5 ஏக்கர்ல வீடு வாங்கினோம். அப்ப இருந்தது பழைய டெலிஃபோன் கம்பி டிஎஸ்எல், நல்ல நாள்ல 4 எம்பிபிஎஸ். ஆர்டாஃப்ல யாரோ எங்க பகுதியை ஜெயிச்சுட்டாங்க, பேர் வேண்டாம். ஜெயிச்சதால வேற எந்தத் திட்டப் பணமும் எங்க பகுதிக்குக் கிடையாதுன்னு பூட்டிட்டாங்க. அவங்களும் வரல. கடைசில முடியாதுன்னு கைவிரிச்சாங்க. மொத்தத்துல எங்களுக்குக் கிடைச்சது ஒரு பூட்டு.

அதுக்கப்புறம் வந்தது ஒரு வயர்லெஸ்காரர்தான். பிப்ரவரில வந்து கூரைல ஏறி மாட்டினாரு, 100 வந்துச்சு, என் பொண்டாட்டி அழாத குறை. மே மாசம் மரம் எல்லாம் இலை விட்டுச்சு. 100 போய் 30 ஆச்சு, மழை பெஞ்சு இலை நனைஞ்சா 6. அவர் நல்லவர், மூணு தடவை வந்து கம்பத்தை உசத்திப் பாத்தாரு. நவம்பர்ல இலை கொட்டினதும் திரும்ப 100. இப்ப சொல்லுங்க, எங்க வீட்டுக்கு "100க்கு 20 இருக்கு"ன்னு எழுதினா அது உண்மையா பொய்யா?

ராத்திரிஷிஃப்ட்

பிப்ரவரில சைட் சர்வே பண்ணதுதான் தப்பு. இலை இல்லாத மரத்தைப் பாத்து ஏமாந்துட்டாரு. நேர்க்கோட்டுல டவர் கண்ணுக்குத் தெரிஞ்சா மட்டும் போதாது, நடுவுல அலை உப்பிப் போற இடமும் காலியா இருக்கணும். 5 கிலோமீட்டர் தூரம், 5.8ன்னு வச்சுக்கிட்டா சரியா நடுப்பாதில அது சுமார் 8 மீட்டர் ஆரம் இருக்கும், அதுல 60 சதவீதமாவது, அதாவது 5 மீட்டர் கிட்ட, இலை கிளை இல்லாம வேணும். இலைங்கறது இந்த அலைவரிசைக்குத் தண்ணிப் பை மாதிரி.

வரவுசெலவு

பிட் போடறதைப் பத்தி யாரும் சொல்லலையே, சிவன் கேட்ட ரெண்டாவது கேள்வி. மானிய விண்ணப்பம் எழுதறதுதான் என் பொழைப்பு, அதனால சொல்றேன்.

6 பேர் கம்பெனி பீட் பணம் வாங்கறது கல்யாணம் பண்ற மாதிரி, சாப்பாடு போடறதுக்கு முன்னாடியே கை காலி ஆகிடும். முதல்ல செலவுல 25 சதவீதம் நீங்க போடணும், ரொம்பச் செலவாகற ஏரியான்னு குறிச்ச இடம் தவிர. அப்புறம் ஆரம்பத்துல மானியத்துல 25 சதவீதத்துக்கு லெட்டர் ஆஃப் கிரெடிட் கேட்டாங்க. ஒரு மில்லியன் மானியம்னா கால் மில்லியனுக்கு பேங்க் கியாரண்டி, அதுக்கு உங்க பேங்க் கிட்டத்தட்ட அதே அளவு பணத்தை முடக்கி வைக்கச் சொல்லும். சின்னவங்க எல்லாம் கத்தி, 2023 நவம்பர்ல அதைத் தளர்த்திட்டாங்க, இப்ப பெர்ஃபார்மன்ஸ் பாண்டு (வேலையை முடிக்கலன்னா இழப்பைக் கட்டற உத்தரவாதம்) குடுக்கலாம், வேலை முடிய முடிய தொகையும் குறையும். பரவால்ல, ஆனா பாண்டுக்கும் பிரீமியம் உண்டு, சின்னவனுக்கு ரேட் ஜாஸ்தி.

பணம் முன்கூட்டி வராது. நீங்க செலவு பண்ணி, பில் காட்டி, அப்புறம்தான் வரும். அதுவரைக்கும் ரேடியோக்காரனுக்கு யார் காசு குடுப்பா? வந்த பணத்தையும் வருமானக் கணக்குல காட்டணும், 2017 வரிச் சட்டத்துக்கு அப்புறம் கம்பெனிக்கு வர்ற கிரான்ட்டுக்கும் வரி. அதை மாத்தணும்னு மசோதா போடறாங்க, பாஸ் ஆகல. அரசாங்கமே ஒரு கைல குடுத்து மறு கைல வாங்கிக்குது.

நல்ல பக்கமும் சொல்லணும். ஜூன் 6க்கு அப்புறம் குறைஞ்ச செலவுக்கே முதலிடம். குறைஞ்ச பிட்டுல இருந்து 15 சதவீதத்துக்குள்ள யாராவது வந்தாத்தான் மத்த விஷயங்களைப் பாப்பாங்க. அதனால வயர்லெஸ்காரன் ஜெயிக்க வாய்ப்பு நிஜமாவே இருக்கு. சேட்டிலைட்டும் அதே வரிசைலதான் நிக்குது, அதையும் மறக்க வேணாம். மாநிலம் 2025 செப்டம்பர் 4க்குள்ள இறுதி முடிவை அனுப்பணும், ஜெயிச்சா 4 வருஷத்துல கட்டி முடிக்கணும்.

கண்ணாடிநார்

குறைஞ்ச செலவுன்னு மட்டும் பாத்தா கடைசில கிராமத்துக்கு இன்னிக்கு மலிவானது வரும், 10 வருஷம் கழிச்சு திரும்ப ஒரு 40 பில்லியன் கேட்டு நிப்பாங்க. 1930கள்ல கிராமத்துக்குக் கரண்ட் குடுத்தப்ப "ஆளுக்கொரு ஜெனரேட்டர் வாங்கிக்கோ, அதான் மலிவு"ன்னா சொன்னாங்க? கம்பிதான் இழுத்தாங்க. கூட்டுறவு சங்கம் வச்சு இழுத்தாங்க. அதே எலக்ட்ரிக் சங்கங்கள்தான் இன்னிக்குப் பல ஊர்ல ஃபைபரும் போடுது.

ராத்திரிஷிஃப்ட்

கரண்ட் உதாரணம் நல்லாத்தான் இருக்கு, ஆனா கரண்டைக் காத்துல அனுப்ப முடியாது அண்ணே.

கண்ணாடிநார்

😂 சரி அது உண்மை. ஆனா சிவன் பாஸ், ஒரு கேள்விக்கு மட்டும் நேரா பதில் சொல்லுங்க. ராத்திரி 9 மணிக்கு உங்க செக்டர் (ஒரு ரேடியோ ஒரு பக்கமா கவர் பண்ற வீடுங்க) டிராஃபிக் கிராஃப் எப்படி இருக்கு?

சைலோமேல்சிவன்

இதைத்தான் யாரும் கேக்கக் கூடாதுன்னு நினைச்சேன்.

தெற்கு சைலோ செக்டர் ஒண்ணை எடுத்துக்கறேன். 40 மெகாஹெர்ட்ஸ் சேனல், டவுன்லோடுக்கு நிஜத்துல 380 கிட்ட கிடைக்கும், அதுல 44 வீடு. எல்லாரும் ஒரே நேரத்துல இழுத்தா ஆளுக்கு 8.6. ஆனா எல்லாரும் ஒரே நேரத்துல இழுக்க மாட்டாங்க, எந்த இன்டர்நெட்டும் அப்படித்தான் பங்கு போட்டு விக்கறது, ஃபைபர் உட்பட. சாதாரண நாள்ல 9 மணிக்கு 240, 250ல நிக்கும், யார் ஸ்பீட் டெஸ்ட் போட்டாலும் 100 வரும். ஞாயித்துக்கிழமை ஃபுட்பால் மேட்ச் அன்னிக்கு மட்டும் கிராஃப் தலை தட்டையாயிடும், சமவெளி மாதிரி. அன்னிக்கு 100 வராது, 40, 50தான்.

இது 44 வீட்டோட நிலைமை. லிஸ்ட்ல இருக்கற 212ல எங்க கஸ்டமர் 97. மீதி 115 பேரும் நாளைக்கே கேட்டா குடுப்பேன்னு கையெழுத்துப் போடணும், அதான் க்ளெய்மோட அர்த்தம். இப்ப இருக்கற ரேடியோல முடியாது. புது ரேடியோ வாங்கினா முடியும், அதுக்குக் காசு இல்ல, காசு வேணும்னா பிட் போடணும், பிட் போட பாண்டு வேணும். சுத்திச் சுத்தி சுப்பனைக் கொல்லைல வந்து நிக்கறேன்.

பழையமோடம்

சிவன், நீங்க 212ஐ ஒரே மூட்டையாப் பாக்குறீங்க. ஏன்? முன்னாடி ஃபார்ம் 477 (எங்கெங்க சர்வீஸ் இருக்குன்னு கம்பெனிங்க எஃப்சிசிக்குக் குடுத்த படிவம்) காலத்துல அரசாங்கம் செஞ்ச அதே தப்பு அது. அப்ப ஒரு சென்சஸ் பிளாக்ல ஒரே ஒரு வீட்டுக்கு சர்வீஸ் இருந்தா, இல்ல குடுக்க முடியும்னு கம்பெனி சொன்னாலே, பிளாக் மொத்தமும் "இருக்கு"ன்னு கணக்கு. கிராமத்துல ஒரு பிளாக் பல சதுர மைல் இருக்கும். அந்தப் பொய் மேப்பால எத்தனை வருஷம் போச்சு. அதை மாத்தத்தான் 2022 நவம்பர்ல வீடு வீடா மேப் போட்டாங்க. இப்ப க்ளெய்மும் வீடு வீடாத்தான். அப்ப நீங்களும் வீடு வீடாப் பாருங்களேன்.

வரவுசெலவு

ஐயா சொல்றதுதான் என் ஓட்டும். 7 நாள்ல செய்ய வேண்டியது ஆதாரம் காட்டப் போறோம்னு தகவல் சொல்றது மட்டும்தான், ஆதாரம் அதுக்கப்புறம். ஒரு மெயில் போதும். எந்த வீட்டுக்கு நிக்க முடியுமோ அதுக்கு மட்டும் ஆதாரம் குடுங்க. செக்டர் லோடு, சிக்னல் அளவு, பின்னாடி பேக்ஹால் (டவரை மெயின் இன்டர்நெட்டோட சேக்கற இணைப்பு) எவ்ளோன்னு எல்லாத்தையும் பாப்பாங்க, ஒரு லைசென்ஸ்டு இன்ஜினியர் கையெழுத்தை வாங்கி வைக்கறதும் நல்லது. பொய்யா ஒரு வீடு போட்டு மாட்டினா மத்த வீட்டையும் நம்ப மாட்டாங்க.

மக்காச்சோளக்காடு

அப்படிப் பண்ணீங்கன்னா என்னை மாதிரி மரத்துக்குப் பின்னாடி இருக்கறவனுக்காவது ஃபைபரோ என்னவோ வரும். திறந்த வயல்ல இருக்கறவனுக்கு உங்க சர்வீஸ் நல்லாவே ஓடும், அவனுக்கு எதுக்கு அரசாங்கப் பணம். ஒரு வேண்டுகோள், ஜூன் மாச அளவை வச்சுப் போடுங்க. பிப்ரவரி அளவை வச்சுப் போட்டுடாதீங்க.

கண்ணாடிநார்

இதுக்கு நானும் ஒத்துக்கறேன். சுலபமான வீடெல்லாம் கழிஞ்சு போச்சுன்னா மிச்சம் இருக்கற கஷ்டமான வீட்டுக்கு ஃபைபர்காரன் பிட் போடுவானா மாட்டானாங்கறது வேற சண்டை. சிதறிக் கிடக்கற 50 வீட்டுக்காக எவனும் மெஷினைக் கொண்டுவர மாட்டான், அதையும் யோசிச்சுக்கோங்க. சேட்டிலைட்தான் போகும்.

மூணாவதுபெஞ்ச்

அப்ப எப்படிப் பண்ணாலும் யாருக்கோ அடி விழுது?

ராத்திரிஷிஃப்ட்

ஆமா தம்பி. நெட்வொர்க் டிசைனுக்கே அதான் அர்த்தம்.

சைலோமேல்சிவன்

அப்டேட். நேத்து ராத்திரி முழுக்க முதலாளியோட உக்காந்தேன். முதல்ல கத்தினாரு. "இந்த டவர் போட என் வீட்டை அடமானம் வச்சேன், நீ எந்த வீட்டை விட்டுக் குடுக்கலாம்னு லிஸ்ட் போடறியா"ன்னாரு. பதில் சொல்ல முடியல, ஏன்னா அது உண்மை. அப்புறம் மேட்ச் அன்னிக்கு எடுத்த கிராஃபை ஸ்கிரீன்ல போட்டேன். ரொம்ப நேரம் பேசாம பாத்தாரு. காபி போட்டுக் குடுத்துட்டு "சரி, வாசி"ன்னாரு.

212ஐயும் ஒவ்வொண்ணா வாசிச்சோம். போன வாரம் எடுத்த சிக்னல், செக்டர் லோடு, மரம். அவருக்கு ஒவ்வொரு வீடும் தெரியும், எந்த வீட்ல எந்த வருஷம் மரம் நட்டாங்கன்னு கூடச் சொல்றாரு. 128 தேறுச்சு, அதுலயும் 2 செக்டர்ல புது ரேடியோ மாட்டினாத்தான், அதைக் கைக்காசுல மாட்டறதா ஒத்துக்கிட்டாரு. 84 வீட்டை அடிச்சோம். அந்த 84ல எங்களுக்கு இப்ப மாசாமாசம் காசு கட்டறவங்க 19 பேர். அதுல ஒரு பாட்டி, ரோடு வளைவுல வால்நட் மரத்துக்கு நடுவுல வீடு, எங்க மூணாவது கஸ்டமர் அவங்க, வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஆபீஸுக்குக் குக்கீ குடுத்து அனுப்புவாங்க. 25க்கு மேல அவங்களுக்கு வந்ததே இல்ல, ஒரு நாளும் புகார் பண்ணதும் இல்ல. அந்த வரி வந்தப்ப முதலாளி பேனாவை என் கைல குடுத்துட்டு எழுந்து போயிட்டாரு.

மெயில் காலைல 8:40க்குப் போச்சு. பிட் போடலை, பாண்டுக்கு ரெண்டு இடத்துல கேட்டோம், ரேட் கேட்டதும் விட்டுட்டோம். ஆதாரம் தயார் பண்ணணும், அதுக்கு யாராவது செக்டர் லோடு கணக்கு எந்த ஃபார்மட்ல குடுத்தீங்கன்னு சொன்னா உதவியா இருக்கும். வரவுசெலவு சார், உங்களுக்குத் தனி மெசேஜ் போட்டிருக்கேன். நாளைக்குத் தெற்கு சைலோ ஏறணும், காத்து 15 மைலுக்குக் கீழ இருந்தா.